தொட்டி, வண்டி, வாய்க்கால், அப்புறம்தான் நிலையம்

பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் கழிவுநீர்ப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி, “நிலையத்துக்கு இடம் எங்கே?” அடுத்த கேள்வி, “எந்தத் திட்டத்தில் பணம் வரும்?” இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பூமி பூஜை நடக்கும், சுற்றுச்சுவர் எழும், கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். திறப்பு விழா முடிந்த மறு மாதம் பார்த்தால் வண்டி வராது. படுகையில் எருக்கஞ்செடி முளைத்திருக்கும். ஊர்க் கழிவு வழக்கம்போல ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் இந்த அத்தியாயம் வரிசையை மாற்றிப் போடுகிறது. முதலில் வீட்டுத் தொட்டி, அடுத்து வண்டி, பிறகு வாய்க்கால். நிலையத்தின் அளவும் வகையும் இந்த மூன்றையும் பார்த்த பிறகு தானாகவே தெரிந்துவிடும். 15,000 முதல் 30,000 பேர் வரை வாழ்கிற, பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சியை மனதில் வைத்து எழுதியது இது. செயல் அலுவலர், சுகாதார ஆய்வாளர், வார்டு உறுப்பினர், ஊரில் இதற்கென நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் நாலு பேர், இவர்கள்தான் வாசகர்கள்.

பாதாளச் சாக்கடை ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். குழாய் அடைக்காமல் இருக்க வேண்டுமானால் அதில் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். அதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கல் வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு வைத்திருக்கும் அளவு. இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் அந்தக் கணக்கு நிற்காது. நீரேற்று நிலையம், அதற்கு மின்கட்டணம், தெருத்தெருவாகப் பள்ளம், இணைப்புக் கட்டணம் கட்டத் தயங்கும் வீடுகள் என்று மற்றச் செலவுகளும் இருக்கின்றன. பெரிய நகரத்துக்கு அது சரி. சின்ன ஊர் அதற்காகப் பத்து வருடம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

தொட்டியைத் திறந்து பாருங்கள்

ஊரில் எத்தனை கழிப்பறை இருக்கிறது என்ற கணக்கு அலுவலகத்தில் இருக்கும். அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்ற கணக்கு இருக்காது. வார்டுக்கு நூறு வீடு என்று எடுத்துக்கொண்டு, கேள்வித்தாளோடு ஆளை அனுப்புங்கள். சொத்துவரி விவரம் சேகரிக்கும் ஆட்களே போதும். “செப்டிக் டேங்க் இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் “இருக்கு” என்பார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு: மூடி எங்கே? அடியில் கான்கிரீட் போட்டதா? வெளியே போகும் குழாய் எங்கே முடிகிறது? கடைசியாக எப்போது வண்டி வந்தது?

கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பெருமையோடு ஒரு பதில் வரும். “கட்டி இருபது வருஷமாச்சு சார், ஒரு தடவைகூட எடுத்ததில்ல. அப்படிக் கட்டினார் எங்க கொத்தனார்.” அந்த வீட்டுக்காரரிடம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்: இருபது வருடம் நிரம்பாத தொட்டி என்றால் அது தொட்டியே இல்லை. நாலு உறை இறக்கி அடியைத் திறந்துவிட்ட குழி. உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் போட்டிருந்தால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. மூன்று சென்ட் மனைகள் நிறைந்த தெருவில் அந்த 18 மீட்டருக்குள் நாலு வீடு அடங்கிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. தொட்டி ஒழுங்காக இருக்கும், ஆனால் மூடியே இருக்காது. போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டும்போது மூடியையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். நிரம்பி வழியும் நாளில் டைல்ஸை உடைக்க வேண்டும், அது முந்நூறு ரூபாய் டைல்ஸ். அந்தச் செலவுக்குப் பயந்தே வண்டியைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போடுவார்கள். கட்டட அனுமதி கொடுக்கும்போது மூடி வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் குறிக்கச் செய்வது பேரூராட்சிக்குக் காசில்லாத வேலை.

நல்ல தொட்டி எப்படி இருக்கும்? கொத்தனார்கள் நினைப்பதைவிடச் சின்னதாக. ஐந்து பேர் வாழும் வீட்டின் கழிப்பறைக்கு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் போதும். இதுவும் ஐ.எஸ். 2470 சொல்லும் அளவுதான். அடியும் சுவரும் நீர் கசியாமல் பூசப்பட்டிருக்க வேண்டும். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ‘டீ’ மாட்டியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் ஏடும் அடியில் படியும் கசடும் வெளியே போகாமல், நடுவில் தெளிந்த நீர் மட்டும் போவதற்குத்தான் இந்த ‘டீ’. சிறு செலவை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். தொட்டி 2,000 லிட்டருக்கு மேல் போனால் இரண்டு அறை வேண்டும், தடுப்புச் சுவர் முன்பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். காற்றுக் குழாய் வீட்டுக் கூரைக்கு மேலே போக வேண்டும், முனையில் கொசுவலை.

“பெருசாக் கட்டிட்டா எடுக்கவே வேணாம்” என்று பத்தாயிரம் லிட்டருக்குத் தொட்டி கட்டுபவர்கள் உண்டு. பதினைந்து வருடம் கிடந்த கசடு அடியில் களிமண்ணாக இறுகிவிடும். வண்டியின் குழாய் மேலே உள்ள தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு வரும். கட்டி அங்கேயே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் “ஒரு ஆளை இறக்கிக் கலக்கிவிடலாமா?” என்ற பேச்சு வரும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

வெளியேறும் தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். செம்மண், சரளை மண் என்றால் பிரச்சினை இல்லை. கரிசல் மண்ணில் உறிஞ்சு குழி வேலை செய்யாது, மழைக்காலத்தில் குழியே ஊற்றெடுக்கும். டெல்டாவிலும் கடலோரத்திலும் ஐந்தடியில் தண்ணீர் நிற்கும். அங்கெல்லாம் இந்த நீரைத் தெருவுக்குச் சேர்த்து, சிறு குழாயில் கொண்டுபோய், ஒரே இடத்தில் சுத்தம் செய்வதுதான் வழி. திடப்பொருள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் நாலு அங்குலக் குழாயே போதும்.

எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. ஏழடி மூங்கில் கம்பில் பாதி உயரம்வரை பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் கழித்து, குனியாமல், பீடி சிகரெட் எதுவும் அருகில் இல்லாமல், கம்பை அடிவரை இறக்கி ஒரு நிமிடம் பிடித்து மெதுவாக எடுங்கள். துண்டின் அடிப்பகுதியில் கருப்பாக ஒட்டியிருப்பது கசடு. அதற்கு மேல் சாம்பல் நிறக் கறை, அது நீர். அடியில் கசடும் மேலே ஏடும் சேர்ந்து மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் வண்டியைக் கூப்பிடலாம். சாதாரண வீட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது நடக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் துண்டை எரித்துவிடுங்கள்.

கடைகளில் விற்கும் ‘செப்டிக் டேங்க் பவுடர்’ தேவையில்லை. வேலை செய்யும் நுண்ணுயிர் நம் வயிற்றிலிருந்தே தினமும் போய்ச் சேர்கிறது. அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்: ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றாதீர்கள். நாப்கின், பிளாஸ்டிக் பை, முடி, துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. வண்டிக்காரர்களிடம் பம்பை அடைப்பது எது என்று கேட்டால் முதலில் நாப்கினைத்தான் சொல்வார்கள்.

வண்டிக்காரரோடு பேசுங்கள்

எந்த ஊரிலும் செப்டிக் டேங்க் வண்டி வைத்திருப்பவர் பெயர் மின்கம்பத்திலும் சுவரிலும் எழுதியிருக்கும், கைபேசி எண்ணோடு. அலுவலகத்துக்குத் தெரியாத அளவுக்கு ஊர்க் கழிவுநீரைப் பற்றி அவருக்குத் தெரியும். எந்தத் தெருவில் தொட்டி அடியில்லாதது, எந்தக் கல்யாண மண்டபத்தில் எண்ணெய் மிதக்கும், எந்தச் சந்துக்குள் வண்டி போகாமல் நூறடிக் குழாய் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். கூட்டம் போட்டால் முதல் நாற்காலி அவருக்கு.

அவர் இரவில் ஓடையில் கொட்டுகிறார் என்று புகார் வரும். கொட்டுகிறார்தான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட இடம் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 24 கிலோமீட்டர், பாரவண்டிக்கு டீசல் மட்டும் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். போய்வர ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் இன்னொரு வீட்டு நடையை எடுத்திருக்கலாம். அங்கே போனால் வாசலில் காத்திருப்பு, கூடவே கொட்டுவதற்குக் கட்டணம். ஓடைக்குச் செலவு ஒன்றுமில்லை. பல இடங்களில் தென்னந்தோப்புக்காரரே பணம் கொடுத்துத் தோப்பில் கொட்டச் சொல்கிறார். உரமாகிறது என்பது உண்மை. பச்சையாகக் கொட்டும் கழிவில் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கிறது என்பதும் உண்மை.

இந்தக் கணக்கை மாற்றாமல் அபராதத்தால் மட்டும் எதுவும் மாறாது. நிலையத்துக்கு வரும் வண்டியிடம் கட்டணம் வாங்காதீர்கள். முடிந்தால் நடைக்கு நூறோ இருநூறோ நீங்கள் கொடுங்கள். மன்றத்தில் சிலர் சிரிப்பார்கள், “கழிவுக்குக் காசா?” என்று. ஓடையைத் தூர்வார ஆகும் செலவை அதே கூட்டத்தில் வாசியுங்கள். பணம் எங்கிருந்து என்றால் வீட்டுக்காரரிடமிருந்துதான், ஆனால் வேறு முறையில். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் வாய் என்று ஒரு சிறு நகரம். அங்கே 2018 முதல் யாரும் வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வார்டு வாரியாக வண்டியே வருகிறது, செலவு துப்புரவு வரியாகச் சொத்துவரியோடு சேர்ந்துவிடுகிறது. நாசிக் மாவட்டத்துச் சின்னர் நகரிலும் அதே முறை. வழிந்த பிறகு கூப்பிடும் பழக்கத்தை மாற்றுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இதில் வண்டிக்காரருக்கும் லாபம், தினமும் நிச்சயமான வேலை.

உரிமம் இல்லாத வண்டி ஓடக் கூடாது. 2022-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கசடு அள்ளும் வண்டிக்கு உரிமம் கட்டாயமாகிவிட்டது. உரிமத்தோடு மூன்று படி கொண்ட ரசீதுப் புத்தகம் கொடுங்கள். ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று வண்டிக்கு. மாதக் கடைசியில் வீட்டு ரசீதையும் நிலைய ரசீதையும் எண்ணிப் பார்த்தால் எத்தனை நடை ஓடைக்குப் போனது என்று தெரிந்துவிடும். ஜி.பி.எஸ். பொருத்துவது நல்லதுதான், ஆனால் அதைத் தினமும் பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கறுப்புப் பெட்டி.

ஆள் இறங்கக் கூடாது

இதில் விவாதத்துக்கு இடமில்லை. தொட்டிக்குள்ளே மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா எல்லாம் தேங்கியிருக்கும், ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். “வாடையே இல்ல, இறங்கலாம்” என்று சொல்லப்படும் தொட்டிதான் ஆளைக் கொல்கிறது. ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வீட்டு உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு என்பதைத் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். இறுகிய கசடா? அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி உறிஞ்சலாம், இரண்டு நாள் ஊறவிட்டு மறுபடி வரலாம். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தத் தொட்டியை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டுவது மேல். புகாருக்கு 14420 என்ற எண் இருக்கிறது, அதை வண்டியின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை வண்டி வரும்?

20,000 பேர், 5,000 வீடு உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். கணக்கெடுப்பில் 4,000 வீட்டில் வண்டி எடுக்கக்கூடிய தொட்டி இருக்கிறது என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,330 தொட்டி. வேலைநாள் 300. ஒரு நாளைக்கு நாலு அல்லது ஐந்து நடை. நடைக்கு 4,000 லிட்டர் என்றால் தினமும் சுமார் 18,000 லிட்டர். இரண்டு வண்டி தாராளம்.

இது சீரான முறை வந்த பிறகு கிடைக்கும் எண்ணிக்கை. இன்றைக்கு ஊரில் ஓடுவது நாளைக்கு ஒன்றோ இரண்டோ நடைதான். வண்டிக்காரரின் டைரியைப் பார்த்தால் தெரியும். விரிவான திட்ட அறிக்கை எழுதும் ஆலோசகர்கள் மக்கள்தொகையை ஒரு எண்ணால் பெருக்கிவிட்டுப் போவார்கள். அந்த எண்ணுக்கும் டைரிக்கும் உள்ள இடைவெளிதான் காலியாகக் கிடக்கும் நிலையம். பாதி அளவுக்குக் கட்டுங்கள், மீதிக்கு இடத்தை விட்டுவையுங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் 2015-ல் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 6,000 லிட்டருக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரு முழு நகரத்துக்கென இந்தியாவில் வந்த முதல் கசடு நிலையம் அதுதான்.

தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். 20 கிலோமீட்டருக்குள் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள நகராட்சி இருந்தால், அங்கே கொட்ட ஏற்பாடு செய்வது மலிவு. தமிழ்நாடு அரசு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே ஊர்களை இப்படித் தொகுத்துப் பார்க்கச் சொல்கிறது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று பேரூராட்சி சேர்ந்து ஒன்று கட்டலாம். கருங்குழி நிலையம் பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்துத்தான். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்து நிலையத்துக்கு நரசிம்மநாயக்கன்பாளையத்து வண்டியும் வருகிறது. இப்படிச் சேரும்போது பராமரிப்புச் செலவை எந்த ஊர் எவ்வளவு ஏற்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சு முடியாது.

படுகை

சின்ன ஊருக்கு மோட்டார் அதிகம் இல்லாத முறைதான் சரி. வண்டி வந்ததும் கம்பிச் சல்லடை. அதில் சிக்கும் பிளாஸ்டிக்கையும் துணியையும் தினமும் வாரி எடுக்க வேண்டும். அடுத்து உலர்படுகை: அடியில் ஓட்டைக் குழாய், அதன்மேல் பெரிய ஜல்லி, பிறகு சின்ன ஜல்லி, மேலே மணல். கசடை 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் தண்ணீர் மணல் வழியாக வடிந்துவிடும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

18,000 லிட்டர் என்பது 18 கன மீட்டர். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் தினமும் 72 சதுர மீட்டர் படுகை நிரம்பும். காய்ந்து வார 15 நாள் என்று வைத்தால் 1,080 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கருக்குச் சற்றே மேல். வழித்தடம், வடிநீர்த் தொட்டி, உலர்ந்த கசடைக் குவிக்கும் கொட்டகை, வண்டி திரும்ப இடம் எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கர் போதும்.

மே மாதத்தில் படுகையைப் பார்க்கப் போனால் இதன் எளிமை புரியும். மூன்றாம் நாள் மேலே கறுத்த தோல் படரும். ஒரு வாரத்தில் வரிவரியாக வெடிக்கத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் வெடிப்பு அடிவரை இறங்கி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, ஓடு ஓடாக நிற்கும். மண்வெட்டியால் தட்டினால் கையோடு வந்துவிடும், வாடையும் பெரிதாக இருக்காது. ஒவ்வொரு முறை வாரும்போதும் கொஞ்சம் மணலும் ஒட்டிக்கொண்டு போகும். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை மணல் நிரப்ப வேண்டும், ஆனால் வருடாந்தர மதிப்பீட்டில் மணலுக்குப் பணம் எழுத மறந்துவிடுவார்கள். மணல் மெலிந்து ஜல்லி தெரிய ஆரம்பித்ததும் கசடு நேராகக் குழாய்க்குள் இறங்கும், அதோடு படுகை முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. அடைமழையில் திறந்த படுகை சேற்றுக் குளம்தான். ஒளி ஊடுருவும் தகட்டால் கூரை போட்டு, பக்கவாட்டைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். எல்லாப் படுகைக்கும் முடியாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்காவது.

எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஊற்றாதீர்கள். இரண்டு வருடம் கிடந்த வீட்டுக் கசடு கறுப்பாக இருக்கும், சீக்கிரம் வடியும். பேருந்து நிலையக் கழிப்பறையிலிருந்து வருவது மஞ்சளாக, பச்சையாக இருக்கும். நாற்றம் அதிகம், வடியவே வடியாது. அதை முதலில் மூடிய தொட்டியில் சில வாரம் செரிக்கவிட வேண்டும், அல்லது வீட்டுக் கசடோடு கலந்து ஊற்ற வேண்டும். சாயம், ரசாயனம் கலந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வாசலில் நிற்பவருக்கு பி.எச். தாளும் ஒரு கண்ணாடிக் குடுவையும் கொடுத்தால் போதும், ஒரு மாதத்தில் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வடிந்த நீர் பார்வைக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமில்லை. அதைத் தடுப்பறைகள் கொண்ட காற்றில்லாத் தொட்டி வழியே விட்டு, பிறகு கல்வாழை அல்லது கோரை நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் ஆழமில்லாத வெயில் குளம். வாரிய உலர்கசடிலும் புழு முட்டை பிழைத்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் கூரைக்கடியில் குவித்துவைக்க வேண்டும், அல்லது சந்தைக் காய்கறிக் கழிவோடு கலந்து மக்கவிட்டு உள்ளே 50 டிகிரிக்கு மேல் சூடு ஒரு வாரமாவது நிற்கிறதா என்று வெப்பமானி செருகிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே தென்னைக்கோ வாழைக்கோ. கீரைக்கும் காய்கறிக்கும் கொடுக்காதீர்கள்.

வாய்க்காலில் ஓடுவது

இதுவரை சொன்னது எல்லாம் சரியாக நடந்தாலும் ஊர் ஏரி சுத்தமாகாது. அதைத் திறப்பு விழா மேடையில் யாரும் சொல்வதில்லை. அதே 20,000 பேர் ஊரில் ஆளுக்கு 70 லிட்டர் தண்ணீர் புழங்கி, அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறினால் தினமும் 11 லட்சம் லிட்டருக்கு மேல். வண்டியில் போவது 18,000 லிட்டர், மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்த இரண்டு சதவீதம் மிக அடர்த்தியானது, நோய் பரப்புவது, அதனால்தான் அதை முதலில் பிடிக்கிறோம். மீதி, குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரும் தொட்டியிலிருந்து வழிந்ததும், திறந்த வாய்க்காலில்தான் ஓடுகிறது.

ஊரைச் சுற்றி வந்து பாருங்கள். வாய்க்கால்கள் கடைசியில் இரண்டு மூன்று இடத்தில்தான் போய்ச் சேரும். பெரும்பாலும் ஏரியின் வரத்துவாய் அல்லது ஓடைப் பாலம். அந்த முனையில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று நாலு ஏக்கர் கிடைத்தால் குளமுறையே போதும்: ஆழமான முதல் குளத்தில் கசடு அடங்கும், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள இரண்டாவதில் பாசி தரும் ஆக்சிஜனில் நுண்ணுயிர் வேலை செய்யும், ஒரு மீட்டர் ஆழமுள்ள கடைசிக் குளத்தில் வெயில் கிருமியைக் கொல்லும். மின்சாரம் வேண்டாம். இடம் குறைவென்றால் முன்பு சொன்ன காற்றில்லாத் தடுப்பறைத் தொட்டியும் செடி நட்ட ஜல்லிப் படுகையும். புதுச்சேரிக்கு அருகே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இந்த முறையில் சுத்தமான நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். மன்ற உறுப்பினர்களை அழைத்துப் போய்க் காட்ட நல்ல இடம்.

மழைநீரும் அதே வாய்க்காலில்தான் வரும். ஆகவே வெள்ளம் பக்கவாட்டில் வழிந்து போகக் கலிங்கு மாதிரி ஒரு தடுப்பு கட்டாமல் குளமோ படுகையோ தொடங்காதீர்கள். முதல் புயல் மழையிலேயே ஜல்லி முழுவதும் ஏரிக்குள் போய்விடும்.

வெளியேறும் நீரை மாதம் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்த அளவுப்படி பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், மலக்கிருமி 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்குள் இருக்க வேண்டும். பெருநகரங்களுக்கு இதைவிடக் கடுமை. நிலையத்தை நடத்துபவரே மாதிரி எடுத்து அனுப்பினால் முடிவு எப்போதும் நன்றாகவே வரும். சுகாதார ஆய்வாளர் சொல்லாமல் போய் எடுக்கட்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

கட்டிக் கொடுப்பவருக்கே ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் கட்டும்போதே பின்னால் தன் தலையில் விழப்போவதை நினைத்துக் கட்டுவார். மாதத் தொகையை ஒரே தொகையாகக் கொடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பகுதி நிலையம் திறந்திருப்பதற்கு, ஒரு பகுதி வந்து சேர்ந்த நடைக்கு, ஒரு பகுதி ஆய்வக முடிவுக்கு. ஆட்களின் சம்பளம் இந்தப் பிரிப்பில் மாட்டிக்கொள்ளாமல் தனியாக இருக்க வேண்டும், தண்ணீர் சரியில்லை என்று மண்வெட்டி பிடிப்பவரின் கூலியை நிறுத்தக் கூடாது.

இரண்டு ஆள், ஒரு மேற்பார்வையாளர், இரவுக்கு ஒரு காவலாளி. பூட், கையுறை, முகக்கவசம் வருடத்துக்கு எத்தனை ஜோடி என்பதையும், அரை வருடத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரையையும், தடுப்பூசியையும், வேலை முடிந்து குளிக்க வெந்நீரோடு ஒரு குளியலறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வரைபடத்தில் அந்தக் குளியலறை இல்லாமல் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.